கத்தாமல் சொல்லுங்கள்

ஒரகடத்தில் கொரிய நிறுவனம் ஒன்றின் கார் உதிரிபாகத் தொழிற்சாலைப் பெண்களுக்குக் கொரிய மொழி கற்றுக்கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து உட்காரும் பெண்களில் பாதிப் பேர் தூங்கி வழிவார்கள்.

"பொண்ணுங்களுக்கு ஆர்வமே இல்ல மேடம், நீங்கதான் மோட்டிவேட் பண்ணணும்" என்றார் எச்.ஆர். அதிகாரி. அவர் கொடுத்த பாடத்தில் இருந்ததெல்லாம் "மன்னிக்கவும்", "சரி ஐயா", "இதோ முடிக்கிறேன்" போன்றவைதான். எனக்கு எரிச்சல் மண்டியது. இதைச் சொல்வதற்காக யார் ஆசைப்பட்டு இன்னொரு மொழி படிப்பார்கள்?

பாடத்தை மூடிவிட்டு, "உங்களுக்கு என்ன சொல்லணும்னு தோணுது?" என்று அவர்களிடமே கேட்டேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "லைன்ல அந்தக் கொரியா சார் கத்துதாரு டீச்சர். கத்தாம சொல்லுங்கன்னு எப்படிச் சொல்லணும்?" என்றாள். மரியாதை குறையாத வாக்கியமாகவே பலகையில் எழுதினேன். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அவள் அதை அவரிடமே சொல்லிவிட்டாள். அவர் திகைத்துப்போய்க் குரலைத் தணித்துக்கொண்டாராம். குதித்தது எச்.ஆர். அதிகாரிதான்.

"இன்னா மேடம், இதெல்லாம் யாரு கத்துக்குடுக்கச் சொன்னது?"

"ஆர்வம் வரணும்னு நீங்கதானே கேட்டீங்க?" என்றேன். வகுப்பையே நிறுத்திவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், சுங்குவார்சத்திரத்தில் அவர்கள் தங்கும் விடுதியின் மொட்டைமாடியில் பாடம் நடக்கிறது. கை வலிக்கிறது என்பதை எப்படிச் சொல்வது, லீவு எப்படிக் கேட்பது என்று கேள்விகளோடு வருகிறார்கள். வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை அந்தப் பெண்கள் இதற்குக் கொடுக்கவேண்டியிருக்கிறதே என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.