கையெழுத்துப் போடுங்க ஆன்ட்டி

நான் நல்லவள் என்று காட்ட இதை எழுதவில்லை. டெக்சஸ் சட்டசபைக்கு மூன்று முறை தேர்வானவள் நான். நல்லவள் என்று சொல்லிக்கொள்ள மேடைகளுக்கா பஞ்சம்? எந்த மேடையிலும் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

முதல் தேர்தலில் என்னை ஒருவரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. என் தொகுதியான சுகர் லேண்டில் நம் தமிழ் ஆட்கள் பொன்னாடை போர்த்துவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பாதிப் பேர் வாக்காளராகப் பதிவுகூடச் செய்திருக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் மேஜை போட்டு, பதிவுப் படிவங்களோடு நானே உட்கார்ந்துவிட்டேன்.

வரிசையில் ஓர் ஆன்ட்டி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளியில் வாராவாரம் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுப்பவர். டாக்டராக இருக்கும் ஒரே மகளோடு வாழ இங்கே வந்தவர். ஊரில் அவருக்கு வீடும் இல்லை, ஆளும் இல்லை.

நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. ஆன்ட்டி பேனாவைப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, என்னட்ட கிரீன் கார்டுதான் இருக்கு. இன்னும் சிட்டிசன் ஆகேல்லை. பரவாயில்லையோ?"

நன்றாகவே காதில் விழுந்தது. பின்னால் ஏகப்பட்ட பேர் நின்றார்கள், வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

"கையெழுத்துப் போடுங்க ஆன்ட்டி, அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க."

எந்த ஆபீஸ் காகிதத்துக்கும் நம் ஆட்கள் சொல்கிற பதில்தான். 'ஆம்' என்ற கட்டத்தில் விரலை வைத்துக் காட்டியதும் நான்தான். படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் டிக் போட்டுக் கையெழுத்திட்டார். தேர்தலன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் எனக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, போன் செய்து வாழ்த்தினார். நான் ஜெயித்தேன்.

சில வருஷம் கழித்து அவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். நேர்காணலில் அதிகாரி, எப்போதாவது ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். ஆன்ட்டி பெருமையாக ஆமாம் என்றிருக்கிறார். குடிமகன் அல்லாதவர் ஓட்டுப் போட்டால் இங்கே நாட்டைவிட்டே அனுப்பலாம். கோர்ட்டுக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தது.

மகள் என் ஆபீசுக்கு வந்தாள். அன்று நடந்ததை அப்படியே ஒரு கடிதமாக எழுதிக்கொடுங்கள், வக்கீல் அதை வைத்து அம்மாவைக் காப்பாற்றப் பார்ப்பார் என்று கெஞ்சினாள். அந்தக் கடிதம் என் அரசியலுக்குக் கொள்ளி வைத்துவிடும். எதிர்த்து நிற்பவன் அதை டிவியில் போட்டுப் போட்டே என்னைப் புதைப்பான்.

"அன்னைக்கு எத்தனையோ பேர் வந்தாங்கம்மா. எனக்கு உங்க அம்மாவ ஞாபகமே இல்ல" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"கிழமைக்குக் கிழமை அம்மா தந்த தேத்தண்ணியக் குடிச்சனீங்கள், அக்கா."

ஞாபகமில்லை என்று திரும்பவும் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

விசாரணைக்கு நான் போகவில்லை. மகள்தான் போனில் சொன்னாள். யார் சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று நீதிபதி கேட்டாராம். என் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்று வக்கீல் முன்பே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாராம். ஆன்ட்டி தலையைக் குனிந்துகொண்டு, "ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் வைச்சனான்" என்றிருக்கிறார். வெளியே வந்து மகளிடம், அந்தப் பிள்ளைக்குத் தேர்தல் வருகுது, எங்கட ஆள் ஒண்டாவது சட்டசபையில இருக்கட்டும் என்றாராம்.

நாட்டைவிட்டு அனுப்ப உத்தரவாகிவிட்டது.

"இப்ப சந்தோஷமோ, அக்கா?" என்று கேட்டுவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள்.

சந்தோஷமில்லை. ஆனால் அப்பாடா என்று இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? மறுநாள் காலையில் மூன்றாவது தேர்தலுக்கு மனு கொடுத்தேன். ஆன்ட்டி விமானம் ஏறும்வரை அவருக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.