துவக்குப் பெட்டியும் சாமிப் படமும்

உனக்கு வேறு வேலை இல்லையா? கராஜுக்குள் அந்த இரும்புப் பெட்டி எதற்கு என்று கேட்கிறாயே, ஒரு வீட்டுக்கு வந்த மனிதர் கேட்கிற கேள்வியா இது? வந்தோமா, தேத்தண்ணி குடித்தோமா, மகளின் சம்பளத்தை விசாரித்தோமா, மருமகனுக்கு முடி கொட்டிப்போனதைப் பார்த்துக் கவலைப்பட்டோமா என்று இருக்க வேண்டும். அதுதான் முறை. நீ கை கழுவப் போகிற சாட்டில் கராஜ் கதவைத் திறந்து பார்த்திருக்கிறாய். கள்ளர் கூட்டத்தில் சேர்ந்திருந்தால் இதற்குள் தலைவியாகியிருப்பாய்.

சரி, இரு. சொல்லாமல் விட்டால் போகிற இடமெல்லாம் நீயாக ஒரு கதை கட்டுவாய்.

அது துவக்கு, ஆளைச் சுடுகிற துவக்கு, வைக்க வாங்கிய பெட்டி. வாயை மூடு, ஈ இலையான் போகப்போகிறது.

கிளென் வேவர்லியில் எங்கள் தெருவில், நாலு வீடு தள்ளி, பட்டப்பகலில் கத்தியோடு ஆட்கள் புகுந்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் முந்தின கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போனவர்கள். போட்ட நகை அத்தனையும் தெரிய வாசலில் நின்று படம் எடுத்து, போனில் உலகத்துக்கே அனுப்பியிருந்தார்கள். படத்தில் வீட்டு இலக்கமும் அழகாக விழுந்திருந்தது. கள்ளனுக்கு விலாசம் தேடுகிற சிரமம்கூட வைக்கவில்லை. அதுவரைக்கும் சிரிக்கலாம். அந்த வீட்டுத் தகப்பன் பெண்சாதி பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கையை நீட்டி மறித்தார். உள்ளங்கையில் ஒன்பது தையல். அதற்கு நான் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது என் மருமகனுக்கு அந்த ஆசை. அவர் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர். கூரையில் பூனையளவு பொசம் ஒன்று ஓடினாலே என் மகளைத்தான் பார்க்கச் சொல்லி அனுப்புவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்:

"மாமி, எங்களை நாங்கள்தான் பாதுகாக்கவேணும். வீட்டில ஒரு துவக்கு வேணும்."

"ஒண்டு காணுமோ தம்பி? கள்ளர் நாலு பேர் எண்டு கேள்வி."

"பகிடி விடாதேங்கோ. கத்தியோட வாறவனுக்கு நீங்கள் என்னத்தைக் காட்டுவியள்?"

"என்ரை பென்ஷன் கார்ட்டைக் காட்டுவன். அதுக்கு எல்லா இடமும் விலைக்கழிவு குடுக்கிறாங்கள்."

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "அந்த மனுசன் வெறுங்கையை நீட்டினது, மாமி. வெறுங்கை" என்றார். தேத்தண்ணிக் கோப்பையை வாய்வரை கொண்டுபோய், குடிக்காமலே திரும்ப வைத்தார். நான் அதை எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தேன்.

ஆனால் இந்த நாட்டில் ஒரு வேடிக்கை. பயமாக இருக்கிறது, பாதுகாப்புக்கு வேண்டும் என்று எழுதினால் துவக்கு தரமாட்டார்களாம். விளையாட்டுக்கு என்று எழுத வேண்டுமாம். அதனால் மருமகன் ஒரு பிஸ்டல் கிளப்பில் சேர்ந்து, சனிக்கிழமைகளில் காதை மூடிக்கொண்டு கடதாசியைச் சுட்டார். "பயந்தவனுக்குக் குடுக்கமாட்டினம், விளையாடுறவனுக்குக் குடுப்பினமாம். என்ன சட்டம் இது?" என்று அவர் கொதித்தார். எனக்கு அது நல்ல சட்டமாகத்தான் பட்டது. பயந்தவன் கையில் துவக்கு இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் பிறந்த நாட்டில் என் கண்ணால் கண்ட துவக்கு எல்லாமே பாதுகாப்புத் துவக்குத்தான். உன்னைக் கொல்ல வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் வரவில்லை. ஆமி எங்களைப் பாதுகாத்தது. ஆமியிடமிருந்து பாதுகாக்க இயக்கப் பெடியள் வந்தார்கள். அந்தப் பெடியளிடமிருந்து பாதுகாக்க வேறு பெடியள் வந்தார்கள். இத்தனை பேர் பாதுகாத்ததில் எங்கள் ஒழுங்கையில் பாதிச் சனம் மிஞ்சவில்லை.

ஆனால் என் அண்ணனைச் சுட்டது இவர்கள் ஒருவருமில்லை. பக்கத்து வீட்டுக்காரர், நல்ல மனிதர். கள்ளர் பயத்துக்கு ஒரு துவக்கு வைத்திருந்தார். எங்கள் ஆடு அவிழ்த்துக்கொண்டு அவருடைய வேலியைப் பிரித்து உள்ளே போக, பிடிக்க இருட்டுக்குள் பின்னால் போனவன் அண்ணன். வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்கு அழுதுகொண்டே வந்து, "தம்பி, நான் உன்னையெண்டு நினைக்கேல்லையடா" என்றார். "அப்ப ஆடெண்டு நினைச்சனிங்களோ அண்ணை?" என்று கட்டிலில் கிடந்தபடி அண்ணன் கேட்டான். எங்கள் குடும்பத்துக்கு இந்த வாய் பரம்பரை வியாதி. அதற்குப் பிறகு அவன் சாகும்வரைக்கும் இடது கையால்தான் சோறு குழைத்தான்.

அதனால் மகளிடம் சொல்லிவிட்டேன்: "பிள்ளை, அந்தச் சாமான் வாசலுக்குள்ள வாற அண்டைக்கு நான் வாசலுக்கு வெளிய. முதியோர் இல்லத்தில அவிச்ச பூசணிக்காயைத் திண்டு சாகிறன். அதோட ஒரே கூரைக்குக் கீழ படுக்கமாட்டன்."

"ரெண்டு பேரும் என்னைக் கொல்லுறியள்" என்று மகள் மூக்கைச் சிந்தினாள்.

துவக்குக்கு முன்னால் பெட்டி வந்தது. அதுவும் சட்டம். இரும்புப் பெட்டியைச் சீமெந்துத் தரையோடு ஆணி போட்டு முடுக்க வேண்டும். துவக்குக்குள் குண்டு போட்டு வைக்கக்கூடாது. குண்டுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு. பொலிஸ் வந்து பார்த்துச் சரியென்றால்தான் மற்றதெல்லாம். இதையெல்லாம் அவர் விளங்கப்படுத்த, நான் கேட்டேன்:

"அப்ப கள்ளன் வந்தால், தம்பி கொஞ்சம் இருங்கோ எண்டு கதிரை போட்டுக் குடுக்கிறதோ?"

"ஒரு நிமிசம் போதும் மாமி. நான் யோசிச்சு வச்சிருக்கிறன்."

"எங்கை, ஒருக்காச் செய்து காட்டுங்கோ. நான்தான் கள்ளன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பாடு முடிந்த நேரம். குசினியில் இருந்த தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டு, உடுப்புத் தோய்க்கிற அறைக் கதவால் உள்ளே பாய்ந்தேன். பாய்ந்தேன் என்பது முழங்கால் விட்ட அளவுக்கு. "கள்ளன் வந்திட்டான்!" என்று நானே சத்தமும் போட்டேன். அவர் சோபாவிலிருந்து எழும்பினார். கண்ணாடியைத் தேடினார். அது தலையில் இருந்தது. பிறகு பெட்டிப் பூட்டுக்குத் திறப்பு எடுக்க ஓடினார்.

எங்கள் ஆட்கள் வீட்டில் பெறுமதியான திறப்பு எங்கே இருக்கும்? சாமிப் படத்துக்குப் பின்னால். பாஸ்போர்ட்டும் அங்கேதான், காணி உறுதியும் அங்கேதான். பிள்ளையாருக்கு இந்த நாட்டில் காவற்கார உத்தியோகம். மருமகனும் இரும்புப் பெட்டியின் திறப்பைப் பிள்ளையாருக்குப் பின்னால்தான் வைத்திருந்தார். ஓடினவர் சாமியறை வாசலில் சடாரென்று நின்றார்.

ஆட்டிறைச்சி தின்ற வாய். குளிக்காமல் எப்படிச் சாமிப் படத்தில் கை வைப்பது?

"இஞ்சேரும், ஒருக்கா வந்து அந்தத் திறப்பை எடுத்துத் தாரும்!" என்று மகளைக் கூப்பிட்டார்.

"எனக்கு இண்டைக்குச் சாமியறைக்குள்ள போகேலாது. நாலு நாளைக்குக் கேக்காதேங்கோ" என்று குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். புருசன் போன நாளிலிருந்து நான் மச்சம் மாமிசம் தொடுவதில்லை. வீட்டில் சுத்தமாக இருந்த ஒரே ஆள் கள்ளன்தான். தோசைக்கரண்டியைக் கீழே வைத்தேன். திருநீறு பூசிக்கொண்டேன். பிள்ளையாரைக் கும்பிட்டு, திறப்பை எடுத்துக்கொண்டுபோய் அவருடைய கையில் வைத்தேன்.

"இந்தாங்கோ தம்பி. இனி என்னைச் சுடுங்கோ."

குண்டுப் பெட்டியின் திறப்பை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்க, நான் தேத்தண்ணி போட்டுக் குடித்து, கோப்பையும் கழுவி வைத்துவிட்டேன்.

"உண்மையான கள்ளன் வந்தால் சாமி குற்றம் பார்க்காது" என்றார், முகம் சிவந்துபோய்.

"கள்ளனும் அதை யோசிச்சு, மரக்கறி நாளில வந்தால் நல்லது."

இதோடு விடுவார் என்று பார்த்தேன். விடவில்லை. பொலிஸ் வந்து பெட்டியைப் பார்க்க நாளும் குறித்தாயிற்று. அதற்கிடையில் என் மகள் ஒரு வேலை செய்திருந்தாள். இவ்வளவு பெரிய பூட்டோடு ஒரு பெட்டி வெறுமையாக இருப்பதை எங்கள் ஆட்களில் எந்தப் பெண் பொறுப்பாள்? அரிசி வாளிக்குள்ளும், ஃப்ரீசரில் முருங்கையிலைப் பைக்குள்ளும் ஒளித்து வைத்திருந்த நகையெல்லாம் பெட்டிக்குள் குடியேறிவிட்டது. ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் நான்தான் திறப்பு எடுத்துக் கொடுப்பேன், நான்தான் திரும்ப வைப்பேன்.

வந்தது ஒரு பொலிஸ்காரப் பிள்ளை. வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணி. சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று வாசலில் கேட்டாள். நல்ல வளர்ப்பு. தெருவில் யன்னல் சீலைகள் எல்லாம் ஒரு விரற்கடை விலகியதையும் நான் கண்டேன். கராஜுக்குள் போய்ப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, அசைத்துப் பார்த்து, திறக்கச் சொன்னாள்.

மருமகன் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை செய்தவர். மத்தியானம் மீன் குழம்பு.

"மாமி..." என்றார், மெதுவாக. "ஒருக்கா எடுத்துத் தாறியளோ."

நான் நினைத்திருந்தால் அவரை இரகசியமாகக் கூப்பிட்டு, திறப்பைச் சேட்டுப் பைக்குள் போட்டு விட்டிருக்கலாம். நீ என் முகத்தை அப்படிப் பார்க்காதே. நான் சாமியறைக்குப் போனேன், திறப்பை எடுத்தேன். எல்லார் முன்னாலும் உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்தேன். திறப்பில் கொஞ்சம் திருநீறு, ஒரு செவ்வரத்தம்பூ இதழ்.

அந்தப் பிள்ளை திறப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். துவக்குப் பெட்டியின் திறப்பு லைசென்ஸ்காரரைத் தவிர வேறு ஒருவர் கைக்கும் எட்டக்கூடாதாம். இது எப்போதும் உங்களிடமா இருக்கும் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"யெஸ், யெஸ். ஐ கிவ், ஐ டேக்" என்றேன்.

பெட்டி திறந்தது. உள்ளே ஊறுகாய்ப் போத்தலில் மகளின் தாலிக்கொடி, காப்புகள், என்னுடைய தோடு, முருங்கையிலைப் பை. அந்தப் பிள்ளை உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். துவக்கு எதற்கு என்று மருமகனைக் கேட்டாள். விளையாட்டுக்கு என்றார். உங்களுக்கும் அந்த விளையாட்டுப் பிடிக்குமா என்று பகிடியாக என்னைக் கேட்டாள்.

"தீஃப் கம், ஹீ ஷூட்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிற அளவுக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

அவளுடைய முகத்தில் சிரிப்பு நின்றது. அப்படியா என்று மருமகனிடம் கேட்டாள். கிழவிக்கு ஒன்றும் விளங்காது என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் அதற்குத் தலையாட்டவும் ஆயத்தமாக நின்றேன், சத்தியமாக. ஆனால் அவர் பெட்டிக்குள்ளே பார்த்தபடி, நாலு வீடு தள்ளி நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். தொடங்கினவரால் நிறுத்த முடியவில்லை. கத்தி, கை, தையல், பிள்ளைகள், எல்லாம் சொன்னார். ஒவ்வொரு நாளும் கதவை மூன்று தரம் பூட்டிப் பார்ப்பதையும் சொன்னார். அது எனக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளை முழுவதையும் கேட்டாள். பயம் விளங்குகிறது, ஆனால் அந்தக் காரணத்துக்கு இங்கே துவக்கு தரமாட்டார்கள், கேட்டதைத் தான் எழுதியே ஆகவேண்டும் என்றாள். கதவுக்கு நல்ல பூட்டும், வெளியே வெளிச்சமும் போடச் சொன்னாள். கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. இல்லை என்று.

இரண்டு கிழமை அவர் என்னோடு பேசவில்லை. நான் முன்னால் இருக்க, "உம்மட அம்மாவிட்டைச் சொல்லும், தேத்தண்ணி ஆறுதாம்" என்று மகளிடம் சொல்வார். பதினைந்தாம் நாள், கதவுக்குப் புதுப் பூட்டுப் பொருத்திக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் ஸ்குரூ ஆணிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"கள்ளன் வந்தால் இனி என்ன செய்யிறது மாமி?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"நகையைக் குடுங்கோ தம்பி. கையைக் குடுக்காதேங்கோ."

"அவன் நகையோட போகாட்டி?"

நான் ஆணிக் கிண்ணத்தை இன்னும் கிட்ட நீட்டினேன். அவர் கிண்ணத்துக்குள்ளிருந்து ஒரு ஆணியை எடுத்தார். "மற்றதைத் தாங்கோ, நீட்டானது" என்றார். அது போதும்.

அவருடைய பயத்துக்கு நான் ஏதாவது செய்யத்தானே வேண்டும்? அடுத்த நாள் குப்பை வாளியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போக, பக்கத்து வீட்டு மதுரைக்காரப் பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். முன்வீட்டுத் தமிழ்ப் பெண்ணும் பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற பாவனையில் கிட்ட வந்தாள். இவர்கள் இரண்டு பேருடைய போனுக்குள்ளும் கிளென் வேவர்லி முழுவதும் இருக்கிறது.

"என்ன ஆன்ட்டி, அன்னிக்கு உங்க வீட்டுக்கு போலீஸ் வந்துச்சே? ஏதோ பெரிய பெட்டி வேற எறக்குனாங்க... ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். குரலை இறக்கினேன்.

"பிள்ளையள், ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ. எங்கட வீட்டில ரெண்டு துவக்கு இருக்கு. மருமகனுக்கு இன்னும் குறி சரியாப் பிடிபடேல்லை. அதால ரெண்டையும் என்னட்டைத்தான் தந்திருக்கினம்."