எந்தப் பொடியள்?

இம்மாகுலேற் அக்கா தேர்தலில் நின்றவர் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்ட மனிசி. ஆனால் 1994 கவுன்சில் தேர்தலில் நின்றார்தான். வீடுவீடாகத் துண்டுப்பிரசுரம் போட்டவள் நான்.

அதற்கு முந்தின மாரியில் அவருடைய அக்காவின் மகன் ஒரு கோழிப்பொரியல் கடை வாசலில் சுடப்பட்டுச் செத்தான். சுட்டவனும் தமிழன்தான். செத்தவீட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "இந்த நாடு கெட்டுப் போச்சுது" என்று சொல்லிக்கொண்டு காரில் ஏறினார்கள். நாடாம், கெட்டதாம்! அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூடிக் கிடந்த இளைஞர் கழகத்தைத் திறக்க வேண்டும், பொலிசும் தாய்மாரும் ஒரே மேசையில் இருந்து கதைக்க வேண்டும் என்று சுயேச்சையாக நின்றார். எங்கள் ஆட்களின் வாக்கு மொத்தமாக விழுந்தால்தான் வெல்லலாம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த வாக்கு அம்பலவாணன் அண்ணையின் கையில் இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றார் சங்கத் தலைவர். தேர்தலுக்கு முந்தின ஞாயிறு அவர்தான் மண்டபம் பிடித்துக் கூட்டம் வைத்துத் தந்தார். அக்கா நன்றாகத்தான் பேசினார், கடைசி வரைக்கும்.

"பொடியளின்ர கையிலை துவக்கு இருக்கக் கூடாது," என்றார். "ஆர் குடுத்திருந்தாலும் பறிச்செடுக்க வேணும்."

பொடியள் என்றால் பையன்கள். அவ்வளவுதான் அந்தச் சொல். ஆனால் அந்த வருடங்களில் எங்களுக்குள் பொடியள் என்றால் ஊரில் விடுதலை இயக்கத்துக்குப் போய்த் துப்பாக்கி தூக்கியவர்கள். அக்கா லண்டன் தெருவை நினைத்துச் சொன்னதை மண்டபம் யாழ்ப்பாணத்தை நினைத்துக் கேட்டது.

அம்பலவாணன் அண்ணை எழும்பினார். "தங்கச்சி, எந்தப் பொடியளைச் சொல்லுறீர்?" குரலில் கோபம் இல்லை. பின்சுவரோடு நின்ற இயக்கத்துக்காரர் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு அக்காவையே பார்த்தார்கள். ஊரில் தாயை விட்டுவிட்டு வந்தவருக்கு அந்தப் பார்வை போதும்.

"இஞ்சத்தையப் பொடியள் எண்டு சொல்லுங்கோ அக்கா," என்று நான் அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தேன்.

அண்ணையும் வழி திறந்துவிட்டார். "லண்டன் காவாலியளைத்தானே? அதை வாயாலை சொல்லும். எல்லாரும் உமக்குத்தான் போடுவம்."

அக்கா தண்ணீரை எடுத்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு வைத்தார். "என்ர பெறாமகனை, அக்கான்ர பிள்ளையைச் சுட்டவனும் பொடியன்," என்றார். "என்ர தம்பி பள்ளிக்கூடச் சட்டையோடை இயக்கத்துக்குப் போனவன். அவனையும் பொடியள் எண்டுதான் சொன்னியள். அவன்ரை உடம்பும் வரேல்லை. என்னட்டை ரெண்டு சொல் இல்லை, அண்ணை."

யாரும் கை தட்டவில்லை. சனம் எழும்பிப் போகக் கதிரைகள் இழுபடும் சத்தம்தான் கேட்டது. பின்சுவர்க்காரர் எங்களைத் தொடவில்லை, பேசவும் இல்லை. கார் வரைக்கும் பின்னால் நடந்து வந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா தோற்றார், அதுவும் படுதோல்வி.

அடுத்த சனிக்கிழமை சந்தையில் நானும் அக்காவும் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது அம்பலவாணன் அண்ணையின் மனைவி தவமலர் பக்கத்தில் வந்து நின்றார். எங்களைப் பார்க்காமல் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் உங்களுக்குத்தான் போட்டனான். இவருக்குத் தெரியாது."

"ஏன் போட்டனீர்?" என்றார் அக்கா. குரலில் எரிச்சல் இருந்தது.

தவமலர் சுற்றிப் பார்த்தார். "என்ர மூத்தவன்ரை கட்டிலுக்குக் கீழை துவக்கு ஒண்டு கிடக்குது, அக்கா. துணியிலை சுத்தி வைச்சிருக்கிறான். தொடவும் பயமாக் கிடக்கு. ஆரிட்டைப் போய்ச் சொல்லுவன்?"

"அவன் இப்ப வீட்டிலையோ?"

"இல்லை."

அக்கா கத்தரிக்காய்ப் பையை என் கையில் திணித்தார். "அப்ப நடவும்," என்றார்.