மேவிஸின் விமானம் தரையிறங்கிய நாள்

கணவன் ராய் செத்து மூன்று வருஷமாகியும் மேவிஸ் பறப்பதை விடவில்லை. விட்டால் பண்ணை நடக்காது. ஆஸ்திரேலியாவில், மேற்குக் குயின்ஸ்லாந்தின் அந்த மாட்டுப் பண்ணையில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் அடுத்ததற்கும் நாற்பது கிலோமீட்டர். எல்லாவற்றையும் வண்டியில் போய்ப் பார்க்க இரண்டு நாள் ஆகும். சின்ன விமானத்தில் போனால் மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

முன்பெல்லாம் ராய் அடுக்களை ரேடியோவில் அடிக்கடி கூப்பிட்டு, "எங்க இருக்க?" என்று கேட்பான். எரிச்சலாக வரும். இப்போது போகும்போதும் சொல்ல ஆளில்லை, வரும்போதும் கேட்க ஆளில்லை.

அன்று நான்காவது தொட்டியைத் தாண்டியதும் முன்கண்ணாடியில் எண்ணெய் தெறித்தது. அளவுமானி முள்ளைப் பார்த்தாள், எண்ணெய் அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் இரண்டு தரம் உதறி நின்றுவிட்டது. மூக்கிலிருந்த விசிறி அசையாமல் நின்றது. காற்றின் சத்தம் மட்டும்தான் பாக்கி.

மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றினாள். இடப்பக்கம் முழுக்க முள்மரங்கள். வலப்பக்கம் காய்ந்த களிமண் தரை வெள்ளையாக விரிந்து கிடந்தது. அந்தப் பக்கம் திருப்பினாள். எரிபொருளை அடைத்தாள். கதவு நசுங்கி மாட்டிக்கொள்ளக் கூடாதென்று முன்கூட்டியே திறந்து வைத்தாள்.

சக்கரங்கள் தரையைத் தொட்டு, குதித்து, மறுபடி தொட்டன. கொஞ்ச தூரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஒடிந்தது. விமானம் மூக்கை மண்ணில் குத்தி நின்றது.

இடது மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. இறக்கை நிழலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். அப்புறம் எழுந்து போய் ரேடியோவை எடுத்து ஆபத்து அலைவரிசையில் கூப்பிட்டாள். பதிலில்லை. கால்மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாவது மணி நேரத்தில் ஒரு குரல் வந்தது. எங்கோ உயரத்தில் போகும் பயணிகள் விமானத்தின் பைலட்.

இருக்கும் இடத்தையும் கைக் காயத்தையும் சொன்னாள். அவன் யாரிடமோ பேசிவிட்டு மறுபடி ரேடியோவில் வந்தான்.

"மேடம், வடக்க வெள்ளம். ஹெலிகாப்டர் எல்லாம் அங்க போயிருக்கு, நாளைக்குத்தான் வரும்ங்கறாங்க. பக்கத்துல வண்டியோட வர்றவங்க யாராவது இருக்காங்களா? யாருக்குச் சொல்லட்டும்?"

மேவிஸ் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். பிள்ளைகள் இல்லை. அக்கா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"மேடம், இருக்கீங்களா? கொஞ்ச நேரத்துல நான் எட்டாத தூரம் போயிடுவேன்."

"டெஸ்மண்ட் கோரி," என்றாள். "பக்கத்துப் பண்ணை."

பக்கத்துப் பண்ணை என்றால் எழுபது கிலோமீட்டர். வேலி தாண்டிய ஒரு காளைக்காக ராயும் டெஸ்மண்டும் சண்டை போட்டு ஆறு வருஷமாகிறது. ராயின் அடக்கத்துக்குக்கூட அவன் வரவில்லை. அதற்கப்புறம் அவள் அவன் பெயரையே வாயில் எடுத்ததில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கிழக்கே புழுதி கிளம்பியது. டெஸ்மண்ட் வண்டியை நிறுத்தி இறங்கினான். முன்னைவிட மெலிந்திருந்தான். தண்ணீரை நீட்டினான். விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"பரவால்ல, நல்லாத்தான் எறக்கியிருக்க. ராயா இருந்தா மரத்துல கொண்டுபோய் வச்சிருப்பான்."

"செத்தவன ஏன் இழுக்கற?"

"சரி, இழுக்கல." மணிக்கட்டைத் துணியால் கட்டினான். "கெளம்பறப்ப யார்கிட்டயும் சொல்லலியா?"

"யார்கிட்ட சொல்ல?"

அவன் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். பாதி வழியில், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பேசினான். "அடக்கத்தன்னிக்கு உன் வீட்டு கேட் வரைக்கும் வந்தேன். உள்ள வரத்தான் முடியல."

"புழுதி தெரிஞ்சுது," என்றாள் மேவிஸ். "யாரோன்னு நெனச்சேன்."



விமானம் பழுது பார்த்து வர நாலு மாசமானது. இப்போது கிளம்புமுன் டெஸ்மண்டுக்குப் போன் போடுகிறாள்.

"வடக்குத் தொட்டி. பதினோரு மணிக்குத் திரும்பிடுவேன்."

"சரி."

திரும்பியதும் இன்னொரு தரம்.

"வந்துட்டேன்."

"சரி."

பெரும்பாலான நாட்களில் அவள் மனுஷரிடம் பேசும் பேச்சு அவ்வளவுதான்.