ட்ரம்ஸ் சத்தம் குறைத்த கேசட்

என் புருஷன் ட்ரம்ஸ் வாசிப்பான். பகலில் ஆபீஸ், சனி ஞாயிறுகளில் மெல்லிசைக் கச்சேரி. அதே குழுவில் நான் பாடினேன். மேடையில் அவனுக்கு முன்னால் நான் நிற்பேன். வீட்டிலும் அவனுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும், அடி வாங்க. ட்ரம்ஸ் குச்சி தோலில் விழுந்தால் நீளமாகச் சிவந்து வீங்கும். ரவிக்கைக் கையை மணிக்கட்டு வரை இறக்கித் தைத்துக்கொண்டேன். தாம்பரத்தில் அந்த வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டவள் நான் ஒருத்திதான். ஏன் என்று காலனியில் ஒரு ஜென்மமும் கேட்கவில்லை.

கீழ்க்கட்டளையில் ஒருவர் பெரிய குழு நடத்தினார். வெளியூர்க் கச்சேரிகள் நிறைய அவருக்கு வரும். பெண் குரல் தேவை என்று சொல்லியிருந்தார். அங்கே சேர்ந்துவிட்டால் என் வயிற்றை நானே பார்த்துக்கொள்ளலாம், தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விடலாம். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஆனால் அவர் யாரையும் நேரில் பாட வைத்துப் பார்க்க மாட்டார். மேடையில் பாடிய கேசட் கொண்டு வா என்பார். ஹாலில் உட்கார்ந்து எல்லோரும்தான் நன்றாகப் பாடுவார்கள், கூட்டத்துக்கு முன்னால் பாடினால்தான் குரல் தெரியும் என்பது அவர் கட்சி.

என்னிடம் இருந்தது ஒரே கேசட். செம்பாக்கம் ஏரிக்கரை அம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்குப் பாடியது. அதில் ஒரு மெதுவான பாட்டை, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, பிரமாதமாகப் பாடியிருந்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் விசிலடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. கம்பி பிரஷ்ஷால் ட்ரம்ஸை வருடிவிட வேண்டிய பாட்டைக் குச்சியால் சாத்தினான். நான் குரலை உயர்த்த உயர்த்த அடியும் ஏறியது. பாடுகிறவள் மேடையில் திரும்பிப் பார்க்கக் கூடாது, அது எங்கள் குழு வழக்கம். அத்தனை அடியும் என் முதுகில் விழுவதுபோல் நின்று பாடி முடித்தேன். வீட்டுக்குப் போனதும் நிஜமாகவே விழுந்தது. கை வீங்கி, சோறு பிசைய முடியாமல் கிடந்தேன்.

கேசட்டில் ட்ரம்ஸ்தான் கேட்டது. தூரத்தில் நான் முனகிக்கொண்டிருந்தேன்.

அவன் ஆபீஸ் போனதும் கேசட்டை எடுத்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ரெக்கார்டிங் கடைக்குப் போனேன். அன்றைக்குக் கச்சேரியைப் பதிவு செய்தவர் அந்தக் கடைக்காரர்தான். என் புருஷனுடைய சிநேகிதர், எங்கள் வீட்டில் கை நனைத்தவர்.

"இன்னா சிஸ்டர், ட்ரம்ஸ மட்டும் கொறைக்கணுமா? எல்லாம் ஒண்ணா கலந்து கீது. காபில போட்ட சக்கரைய எப்டி தனியா எடுக்கறது?"

"ஏதாவது பண்ணுங்கண்ணா."

அவர் ஈக்வலைசரை இழுத்து வைத்தார். அதில் வரிசையாகக் குமிழ்கள். இடது ஓரத்தை இறக்கினால் 'திம் திம்' அடங்கும், வலது ஓரத்தை இறக்கினால் தட்டுகளின் கூச்சல் அடங்கும், நடுவில் இருப்பதை ஏற்றினால் மனிதக் குரல் மேலே வரும் என்றார். இறக்கினார். ஏற்றினார். நான் மேலே வந்துவிட்டேன். கொஞ்சம் தகர டப்பாவுக்குள் பாடுவதுபோல் இருந்தாலும் நான்தான், தெளிவாக நான்.

சரணத்தில் இன்னொரு குரலும் வந்தது.

"எவனப் பாத்துடி இளிக்கிற? வீட்டுக்கு வா. கைய ஒடிக்கிறேன். வாடி வீட்டுக்கு."

ட்ரம்ஸுக்கு மேலே தொங்கிய மைக் அவன் வாயையும் பிடித்திருக்கிறது. அடிக்கு ஒரு வார்த்தையாக, தாளம் தப்பாமல் பேசியிருந்தான். சொல்லக் கூசுகிற வார்த்தைகளும் இருந்தன. கடைக்காரர் அவசரமாக நடுக் குமிழ்களை இறக்கினார். அவன் போனான், கூடவே நானும் போனேன்.

"ஏத்துங்கண்ணா."

"இது வெளில போனா மச்சான் மானம் பூடும் சிஸ்டர். அவன் ஏதோ டென்ஷன்ல பேசிகினு..."

"கச்சேரிக்கு மறுநாள் என் கை வீங்கியிருந்தப்போ, இடது கையால பரிமாறினேன். சாப்பிட்டுட்டுதான போனீங்க? ஏத்துங்க."

ஏற்றினார். ஒரு காலி கேசட்டில் பதிந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பேச்சோடேயே அதை வாங்கிக்கொண்டேன்; நான் மேடையில் பாடியது வேறு எதிலும் இல்லை என்பது ஒரு காரணம். யாராவது ஒருத்தர் அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது இன்னொரு காரணம்.

மறுநாளே கீழ்க்கட்டளைக்குப் போனேன். குழு நடத்துகிறவர் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். அந்தச் சரணத்தையும் கேட்டார்.

"குரல் நல்லா இருக்கும்மா. ட்ரம்ஸ் யாரு?"

"என் வீட்டுக்காரர் சார்."

"ஏதோ திட்டறாரு போல. வாசிக்கறவனுக்குக் கோபம் இருக்கத்தான் செய்யும், அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். அவ்வளவு கோபத்துலயும் தாளம் நகரல பாரு. எங்க ட்ரம்மர் துபாய் போயிட்டான். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமா வந்துடுங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன்.

"அவரால வர முடியாது சார். ட்ரம்ஸ் கிழிஞ்சு போச்சு" என்றேன்.

"அடடா, எப்போ?"

"இன்னிக்கு."

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். தேங்காய் வெட்டும் அரிவாளை எடுத்தேன். முதலில் பெரிய ட்ரம். ஒரே வெட்டில் கிழிந்துவிடும் என்று நினைத்திருந்தேன், கிழியவில்லை. துள்ளியது. அரிவாள் எகிறிவந்து என் கட்டைவிரலைச் சீவியது. அதற்குப் பிறகு கையில் வேகம் வந்துவிட்டது. ஒன்று விடாமல் வெட்டினேன். குச்சிகளை வாசற்படியில் வைத்து நறுக்கினேன். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. நான் அடி வாங்கும்போதும் அவை அப்படித்தான் சாத்திக்கொள்ளும்.

சாயங்காலம் அவன் வந்தான். கிழிந்துகிடந்ததைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வழக்கம்போல் கை மேலே போனது. நான் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. ஓங்கிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றான். எனக்குப் பயமே இல்லை, அந்தக் கை இறங்கட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கட்டளைக்கு நான் தனியாகப் போனேன்.