முழங்காலுக்கு ஒரு சைக்கிள்

மிதிகட்டை மேலே ஏறி வரும் கடைசி நாலு விரற்கடையில் என் மனைவியின் வலது முழங்கால் நின்றுவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு அது மடங்குகிற அளவு அவ்வளவுதான். "சைக்கிள் ஓட்டுறது நல்லதும்மா, ஆனா முழங்காலை ரொம்ப மடக்கிடாதீங்க" என்றார் டாக்டர். வெளியே வந்ததும், "நீச்சல் அடிங்க, ஆனா நனையாதீங்கன்னு சொல்றாரு" என்றாள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி, தில்லை நகரில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அதுவரை சைக்கிளில்தான் போய்வந்தாள். இப்போது ஆட்டோ. "ஆட்டோல என்ன குறை?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "பாலத்து நடுவுல ஒரு காத்து அடிக்கும் பாருங்க, அது ஆட்டோவுக்குள்ள வர்றதில்ல."

கடைகளில் ஏறி இறங்கினோம். குள்ளமான சைக்கிள் இருந்தால் மிதிகட்டையைத் தாங்கும் இரும்புக் கை நீளம், முழங்கால் அதிகம் மடங்கும். கை குட்டையாக இருந்தால் அது குழந்தைகள் வண்டி. நான்தான் சொன்னேன், நானே செய்கிறேன் என்று. தாழ்ந்த சட்டம், சின்னச் சக்கரம், குட்டைக் கை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி. ஆயுத பூஜைக்குள்ள முடிங்க. இல்லேன்னா நான் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிடுவேன்."

அன்றிலிருந்து எனக்குக் கருவிப் பித்து பிடித்தது.

ஒரு வரி எழுதப் பத்துப் பேனா தேடுகிறவன் நான். பெரிய கடைவீதியில் ஒரு இரும்புக் கடை. உள்ளே போனால் எண்ணெய் வாசனை, காகிதத்தில் சுற்றிய அரங்களின் குளிர்ச்சி, கையில் எடுத்ததும் கனக்கும் வைஸ் என்ற இடுக்கி. தட்டை அரம், அரை வட்ட அரம், எலிவால் போன்ற உருண்டை அரம். ஒவ்வொன்றும் ஒரு வேலையைக் கனவு காண்பதுபோல் இருந்தது. நானும் கூடவே கனவு கண்டேன். குழாயைப் பிடிக்க ஒன்று, வெட்ட ஒன்று, அளக்க ஒன்று, அளந்தது சரியா என்று அளக்க இன்னொன்று. சக்கரத்தை மாட்டிச் சுழற்றிக் கோட்டம் பார்க்க ஒரு தாங்கி, அதையும் வாங்கினேன். கடைக்கார பாய் பில் போட்டபடியே கேட்டார்: "சார், பட்டறை வைக்கப் போறீங்களா, மியூசியமா?"

"ஒரே ஒரு சைக்கிள் செய்யணும் பாய்."

"மாஷா அல்லாஹ். ஒரு கல்யாணத்துக்கு ஊர்ல இருக்கிற பாத்திரத்தையெல்லாம் வாங்கினாப்ல இருக்கு."

மொட்டைமாடியில் தகரக் கூரைக்குக் கீழே எல்லாம் வரிசையாக நின்றன. குழாய்கள் மட்டும் வெட்டப்படாமல் மூலையில் சாய்ந்திருந்தன. தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மேலே வரும்போதெல்லாம் அவள் போனில் ஸ்கூட்டர் படத்தைக் காட்டுவாள். "இந்த நீலம் நல்லாயிருக்குல்ல?"

ஒரு வழியாக வெட்டத் தொடங்கினேன். ஒரு குழாயின் வாய் இன்னொரு குழாயின் முதுகில் மீன் கவ்வினாற்போல் உட்கார வேண்டும். அதற்கு அரை வட்ட அரம் ஒன்றே போதுமாக இருந்தது. தேய்க்கத் தேய்க்க இரும்பின் கிறீச்சு தணிந்து ஒரு முனகலாக மாறும். அப்போது குழாய் வாயின் பிறை வளைவு சரியாகிவிட்டது என்று அர்த்தம். உள்ளங்கை கறுத்தது. மனம், நெடுநாளைக்குப் பிறகு, ஓரிடத்தில் உட்கார்ந்தது.

குழாய்களை ஒட்டும் நெருப்பு மட்டும் வாங்கவில்லை. வீட்டு மாடியில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வைக்க எனக்குத் துணிவில்லை. எங்கள் வீட்டு ஏசிக்குச் செம்புக் குழாய் ஒட்டவந்த மெக்கானிக் தம்பி ஞாபகத்துக்கு வந்தான். சின்ன சிலிண்டரும் பித்தளைக் கம்பியுமாக வந்து சேர்ந்தான். "ஏசிக்குத்தான் கேஸ் போடுவேன். சைக்கிளுக்குக் காத்துதானே சார் போடுவாங்க?" என்று சிரித்துக்கொண்டே, நான் தரையில் கட்டைகள் வைத்து நிறுத்திய சட்டத்தில் மூட்டுக்கு மூட்டு ஒரு பொட்டு மட்டும் ஒட்டினான். "சரி பார்த்துட்டுக் கூப்பிடுங்க. முழுசா ஒட்டிட்டா அப்புறம் அசையாது."

சரி பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கரம் மாட்டும் ஒரு காதில் கட்டி, முன்னால் ஹேண்டில்பார்க் குழாயைச் சுற்றி, மறு காதுக்குக் கொண்டுவந்தேன். நடுவில் சீட்டுக் குழாய்க்கு இரு பக்கமும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். இடது பக்கம் பென்சில் நுழைந்தது. வலது பக்கம் என் சுண்டு விரலே நுழைந்தது.

வெட்டியது தவறா? நூலை அவிழ்த்துக் குழாய்களை அளந்தேன், அளவுகள் பொய் சொல்லவில்லை. நூலைத் திரும்பக் கட்டினால் மறுபடி அதே கோணல். பூஜைக்கு ஒரு வாரம்கூட இல்லை. சட்டத்தை நேராக நிறுத்த இரும்புப் பலகை ஒன்று விற்கிறார்களாம். போனில் அதன் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மேலே வந்தாள்.

"இன்னும் ஒண்ணு வாங்கணுமாக்கும்?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் தொட்டியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு, கட்டைகள் இருந்த இடத்தில் ஊற்றினாள். தண்ணீர் கொஞ்ச தூரம் கிழக்கே ஓடியது; பிறகு யோசித்தாற்போல் மூலையில் இருந்த மழைநீர்க் குழாய்ப் பக்கம் திரும்பியது.

"மழைத்தண்ணி போறதுக்கு மேஸ்திரி வாட்டம் விட்டிருக்காருங்க. ரெண்டு பக்கமும் சரிஞ்சு ஒரு மூலைக்கு வருது. இந்தத் தரையை நம்பியா இவ்ளோ நாள் வேலை பார்த்தீங்க?"

இந்த மாடியில் எத்தனை மழை பார்த்திருக்கிறேன். ஒன்றிலும் தண்ணீர் போகும் வழியைப் பார்த்ததில்லை.

தொட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய மல்லிகைத் தொட்டிகள் ஒரு கருங்கல் பலகைமேல் இருந்தன. சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய கல். ஒன்றொன்றாக இறக்கிவைத்தாள். "இதுல வச்சுப் பாருங்க."

"இதுவும் தரையோட சாஞ்சுதானே இருக்கு?"

"சாஞ்சா சாஞ்சுட்டுப் போகட்டும். ஒரே கல்லு, முறுக்கு இல்லையே."

கல்லில் வைத்தேன். மெக்கானிக் தம்பி வந்து பழைய பொட்டுகளைச் சூடாக்கி இளக்கி, புதிதாக ஒட்டினான். நூலைக் கட்டினேன். இரு பக்கமும் பென்சில் ஒரே மாதிரி நுழைந்தது. அதன் பிறகு அவன் மூட்டு மூட்டாகப் பித்தளையை ஓடவிட்டான். சாயங்கால வெயில் உருகினாற்போல் அது இரும்பைச் சுற்றி ஓடி நின்றது.

ஆயுத பூஜையன்று சக்கரங்கள் கம்பி கோத்து நின்றன. பின்சக்கரத்தின் கோட்டம் மட்டும் பாக்கி. குளித்து வந்து பார்த்தால் அவள் சந்தனக் கிண்ணத்தோடு என் பட்டறையில் உட்கார்ந்திருந்தாள்.

"வேலை செஞ்சதுக்குத்தான் பொட்டு. இது என்ன?"

"குழாய் பிடிக்கிறது."

"பிடிச்சுதா?"

"இல்ல."

"அப்ப விருந்தாளி. அந்தப் பக்கம்."

பளபளப்பான கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் போனது. கோட்டம் பார்க்கும் தாங்கியும் போனது, அட்டைப் பெட்டியைவிட்டு வெளியே வராமலே. இரும்பறுக்கும் வாள், அரை வட்ட அரம், கம்பிகளை இறுக்கும் நிப்பிள் சாவி, நூல்கண்டு, இவை மட்டும் பூஜைப் படத்தின் முன்னால் போயின. கருங்கல்லைத் தூக்க முடியாது. இருந்த இடத்திலேயே குங்குமம் வைத்தாள்.

"நிப்பிள் சாவியைக் கொடு. கோட்டம் எடுத்துட்டா வண்டி ரெடி. இன்னிக்குத்தான் உன் கெடு."

"பூஜையில வச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"அப்ப ஸ்கூட்டர்?"

பொரியை வாயில் போட்டுக்கொண்டாள். "சாவியை எடுக்கிறவரைக்கும் பூஜை முடியலங்க."

விஜயதசமிக் காலை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக் கட்டையையே அளவாக வைத்துச் சக்கரத்தைச் சுழற்றினேன். எங்கே உரசியதோ அங்கே சாவியால் கால் சுற்றுத் திருகினேன். உரசல் ஓய்ந்தது. கம்பிகளின் காற்று மட்டும் கேட்டது.

அவள் தெருவில் நின்று, தாழ்ந்த குழாய்க்குமேல் காலைத் தூக்கிப் போட்டாள். வலது மிதிகட்டை ஏறியது. நான் அந்தக் கடைசி நாலு விரற்கடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் உச்சிக்கு வந்தது, நிற்கவில்லை, இறங்கியது. திரும்பிப் பார்க்காமல் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் போய்விட்டாள்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை. ஓ என்று காற்று. அது போனின் வாயில் மோதிக்கொண்டே இருந்தது. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"கேக்குதா?" என்றாள் கடைசியில். "பாலத்து நடுவுல நிக்கிறேன். கடைவீதியையே வீட்டுக்குக் கொண்டுவந்தீங்களே, ஒரு பெல் வாங்கத் தோணுச்சா? வழி நெடுக 'ஓரம், ஓரம்'னு நான்தான் கத்திட்டு வரேன்."