வாலைப் பார்க்கிறவர்

பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதியைப் படித்துவிட்டு, அதையும் நம்பாமல், முனையை வெட்டி மோந்து பார்த்தபிறகுதான் டீ போட என்னிடம் தருகிறார். "தேதியை அடிச்சது மெஷின். உள்ள இருக்கற பால் எப்படின்னு மெஷினுக்குத் தெரியுமாக்கா?"

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். ரிப்போர்ட் அடிக்கும் பெண்கள் வைத்த பெயர் 'சந்தேக சார்'. சர்வர் அறையை நான் பெருக்கும்போது கதவருகே நின்றுகொள்வார். போகும்போது பூட்டை இழுத்துப் பார்ப்பார். படியிறங்கி, மறுபடி ஏறி வந்து இழுப்பார். என்னைச் சந்தேகப்படுகிறாரே என்று ஆரம்பத்தில் மனம் சுணங்கியது. மேனேஜர் உள்ளே போனாலும் அப்படியேதான் நிற்கிறார் என்று பிறகு பார்த்தேன். ஆண்டவன் சிலரைக் காவலுக்கென்றே படைக்கிறான் போலிருக்கிறது.

போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் கம்ப்யூட்டர்களைச் சோதிக்க வந்தவர்கள், வெளியாட்கள் நுழையாமல் காக்கும் புரோகிராம் பழைய வெர்ஷன், அதில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சரிசெய்யாவிட்டால் அந்த ஆஸ்பத்திரி இனி எங்களிடம் ரத்தம் அனுப்பாது. மேனேஜர் பதறிப்போனார்.

"வெளியில இதைவிடப் பெரிய வெர்ஷன் நம்பராவே கிடைக்குதாமே. இறக்கிப் போட்டுத் தொலைங்க."

"வேணாம் சார். நம்ம சர்வர்ல ஓடுற லினக்ஸைத் தர்றவங்க அந்த ஓட்டையை மட்டும் அடைச்சு, பழைய நம்பர்லயே அனுப்பிட்டாங்க. முன்னாடி இருக்கற நம்பர் மாறாது. கடைசியில வால் மாதிரி தொங்குற சின்ன நம்பரைப் பாருங்க, அது ஏறியிருக்கு. கண்ட இடத்துல எடுத்துப் போட்டா அடுத்த திருத்தம் தானா வராது."

அந்த வாலுக்குரிய குறிப்பைத் திரையில் காட்டினார். அடைத்த ஓட்டையின் பெயர் அதில் இருந்தது. சோதிக்க வந்தவர்களும் ஒத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"உங்க சந்தேகம் இன்னிக்குத்தான்யா நமக்குச் சோறு போட்டுச்சு" என்று மேனேஜர் முதுகில் தட்டினார். எல்லாரும் சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை. டீயை ஆறவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்ளரை எடுக்கப் போனபோது திரையில் விரல் வைத்துக் காட்டினார்.

"அக்கா, புது புரோகிராம் வந்து உட்கார்ந்திருக்கு. ஆனா ஓடிட்டிருக்கறது பழசு. அப்டேட் போட்ட நானே ரீஸ்டார்ட் பண்ணாம விட்டிருக்கேன். ஓட்டை அப்படியே திறந்து கிடக்கு."

"வேற யாருக்காச்சும் தெரியுமா சார்?"

"எனக்குத் தெரியுதே."

எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தும் சத்தம் கேட்டது. "ஊரையே சந்தேகப்படுறவரு, உங்களை மட்டும் எப்படிய்யா விட்டீங்க?"

வெளியே வந்து புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். இப்போது ஓடுவது எது என்று பார்த்தார். சோதிக்க வந்தவர்களுக்குத் தானே போன் போட்டு நடந்ததைச் சொன்னார். "ஆமாங்க, என் தப்புதான்" என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

அப்புறம் சர்வர் அறையைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். படியிறங்கிப் போனவர் வழக்கம்போலத் திரும்பி வந்தார். ஆனால் பூட்டைத் தொடவில்லை. சுவரோரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.

"அக்கா, நீங்க ஒருதடவை இழுத்துப் பாருங்க."